சர்வரில் துர்காவின் வீடு

1

தட்டுகிறேன், திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை, புள்ளிகூட இல்லை, விரல் மட்டும் போய்ப் போய் வருகிறது, நான் இங்கே இருக்கிறேனா இல்லையா?

இப்படி நினைத்தபடி துர்கா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் இப்படி நினைத்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. துர்காவை நான் பார்த்ததுகூட இல்லை. இரண்டாயிரத்து மூன்றில், விருத்தாசலம் கடைவீதியில் ஒரு மாடியறைக்கு லினக்ஸ் கற்றுக்கொள்ளப் போனேன். அங்கே ஒரே ஒரு சர்வர். அதோடு இணைத்த பழைய கணினிகள் சில. யார் எங்கே உட்கார்ந்தாலும் அந்த ஒன்றுக்குள்தான் போக வேண்டும். last என்று தட்டினால், நமக்கு முன்னால் உள்ளே வந்து போனவர்களின் பெயர்கள் வரும். எனக்கு முந்தின பெயர் எப்போதும் துர்கா. நான் படியேறுவதற்குள் அவள் இறங்கிப் போயிருப்பாள். நாற்காலியில் சூடு இருக்கும். (சூடு அன்றைக்கே இருந்ததா, இப்போது நான் சேர்க்கிறேனா, தெரியவில்லை. இருக்கட்டும்.)

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர். இந்தக் கதைக்கு என்னிடம் இருந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகச் சொல்வது.

2

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்போன ஊர். இந்த ஊர் மண்ணை எடுத்து

[நிறுத்திவிட்டேன். ரயில் நிலையப் பலகையில் எழுத வேண்டிய வாக்கியம்.]

மறுபடி. கீழே பீங்கான் பொம்மைக் கடை, மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். பொம்மைகளைச் சுற்றி வரும் வைக்கோல் மாடிப்படியெல்லாம் ஒட்டியிருக்கும். மதியத்தில் மின்விசிறி சுற்றும்போது ஒன்றிரண்டு வைக்கோல் துணுக்குகள் அறைக்குள் மிதந்து, எங்கே இறங்குவது என்று தெரியாமல் நிற்கும். அவற்றுக்குக் கீழே துர்கா. பக்கத்தில் நீலாவதி, கணக்குப் படித்தவள், இங்கே பாடம் எடுக்கிறவள். அவளும் நான் உண்டாக்கியவள்தான்.

“அக்கா, கீபோர்டு செத்துப்போச்சு.”

“சாகல. பாஸ்வேர்டு அடிச்சா தெரியாது. நீ பாட்டுக்கு அடி.”

“கண்ண மூடிட்டு கோலம் போடற மாதிரி இருக்குது.”

“போட்டு முடிச்சுட்டு எண்டரைத் தட்டு.”

தட்டினாள். உள்ளே விட்டது.

“இதான் உன் வூடு.* சர்வர்ல ஆளுக்கு ஒண்ணு உண்டு. எங்க சுத்திட்டுக் கெடந்தாலும் cdன்னு மட்டும் அடி, இங்க கொண்டாந்து விட்டுடும்.”

“பஸ்ஸுக்குக் காசு?”

“ஓசிதான்.”

துர்கா சிரித்தாள். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள் அவள். பிறகு குரல் தாழ்ந்தது. “யாரு வேணா உள்ள வருவாங்களாக்கா?”

நீலாவதி chmod என்ற கட்டளையைச் சொல்லிக்கொடுத்தாள். அதோடு 700 என்ற எண்ணைச் சேர்த்தால், வீட்டுக்குச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரும் உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. துர்கா அடித்தாள். திரை ஒன்றும் சொல்லவில்லை.

“ஒண்ணும் ஆவலயே?”

“ஆயிடுச்சு. இது தப்பு பண்ணாதான் பேசும். சரியா பண்ணா பேசாது.”

“எங்கம்மாவும் அப்படித்தான்.”

“ஆனா ரூட் வரலாம். சர்வர் மொத்தத்துக்கும் பொறுப்பு. அதுக்குப் பூட்டு கெடயாது.”

“யாருக்கா அந்த ரூட்டு?”

“நான்தான்டி.”

துர்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க நான்கு வாக்கியம் எழுதி, நான்கையும் எடுத்துவிட்டேன்.

* சர்வரில் அவரவர் எழுதியதை வைத்துக்கொள்ளும் இடம், ஹோம் டைரக்டரி. டைரக்டரிக்குக் கலைச்சொல் அகராதியில் ‘அடைவு’ என்று இருக்கிறது. நல்ல சொல்தான். அதற்குள் கால் நீட்டி உட்கார முடியாது.

3

இங்கே எனக்கு ஒரு சங்கடம். துர்கா நினைத்ததை முதல் வரியிலேயே எடுத்துப் போட்டுவிட்டேன். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ரூட்தான். ‘அவள் நினைத்தாள்’ என்று எழுதும்போது எந்தப் பூட்டும் நம்மைத் தடுப்பதில்லை. தடுக்கவில்லை என்பதையே அனுமதியாக எடுத்துக்கொள்கிறோம். போய்ப் பார்த்துவிட்டு வந்து, மனசின் ஆழம் என்கிறோம்.

சரி, துர்கா தன் வீட்டுக்குள் என்ன எழுதி வைக்கிறாள்? கவிதை என்று எழுதிப் பார்த்தேன், சகிக்கவில்லை. ஒரு பையனின் பெயர் என்று எழுதினால் நீங்களே கொட்டாவி விடுவீர்கள். ஒரு மதியம் தூக்கக் கலக்கத்தில், அவள் அங்கே மழையை வைத்திருப்பதாகத் தோன்றியது. எழுத்தால் ஆன மழை. திரையின் உயரத்துக்கு மட்டும் பெய்யும், சத்தம் இராது, கீழே தேங்காது. விழித்தபோது அது

[இதை முடிக்கத் தெரியவில்லை.]

ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். சாமான் இன்னும் வந்து சேராத வீடு மாதிரி.

4

துர்கா வராத ஒரு நாள் அவள் அம்மா அமிர்தம் வந்தாள். சென்டர் முதலாளி வெங்கடகிருஷ்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டார். கணினிகளை வாங்கிப் போட்டதோடு சரி, அவருக்கு எதையும் தட்டத் தெரியாது. அமிர்தம் உட்காரவில்லை.

“வூட்ல பேச மாட்டேங்குதும்மா,” என்றாள் நீலாவதியிடம். “சோறு போட்டா சாப்புடுது, லைட்ட அணைச்சா படுத்துக்குது. கேட்டா ஒண்ணுமில்லங்குது. ஒண்ணுமில்லாமயா ஒரு பொண்ணு இப்படி இருக்கும்? இங்க வந்தா மட்டும் என்னமோ எழுதுதாமே. கூடப் படிக்கிற புள்ள சொல்லிச்சு. அத எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டு.”

“அவகிட்டயே கேட்டுப் பாருங்கம்மா. நானும் கேக்கறேன்.”

“கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுதான் உன்கிட்ட வந்திருக்கேன். பெத்தவளுக்குத் தெரியக்கூடாதது அப்படி என்ன இருக்குது? நீ காட்டலன்னா நாளையிலேருந்து அனுப்பறதா இல்ல. களையெடுக்க ஆளில்லாமதான் கெடக்குது.”

வெங்கடகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். “பெத்த அம்மாதானே கேக்கறாங்க. உன்னால முடியும்னா பாத்துச் சொல்லிடேன், நீலாவதி.”

அமிர்தத்தின் விரல்கள் பஸ் டிக்கெட்டைச் சுருட்டின, பிரித்தன, சுருட்டின. இவளைக் கொஞ்சம் கெட்டவளாக எழுதியிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். என்ன செய்தும் வரவில்லை. மகளுக்கு என்னவோ ஏதோ என்று பயந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

5

முடிவு ஒன்று: நீலாவதி திறக்கிறாள். உள்ளே காலி. அமிர்தம் நிம்மதியாக ஊருக்குப் போகிறாள். மகளை அனுப்புகிறாள். துர்காவும் வருகிறாள், ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குள்

[வேண்டாம்.]

முடிவு இரண்டு, எனக்குப் பிடித்தது: நீலாவதி ரூட்டாகப் போகாமல் தன் சொந்தப் பெயரில் போய்த் துர்காவின் வீட்டைத் திறக்கப் பார்க்கிறாள். அனுமதி இல்லை என்று திரை இங்கிலீஷில் சொல்கிறது. “பாருங்கம்மா, முடியாதுங்க.” கம்ப்யூட்டர் பொட்டியே காட்ட மாட்டேன் என்றால் யார் என்ன செய்வது? அமிர்தம் முனகிக்கொண்டே கிளம்பிவிடுவாள். துர்காவின் வகுப்பும் நிற்காது.

முடியாது. இந்தச் சொல்லுக்குள் ஆள் இல்லை. யாரால் முடியாது, கை இல்லாமலா மனம் இல்லாமலா, எதையும் அது காட்டிக்கொடுக்காது. தலைவலி, இன்றைக்கு முடியாது. மழை வரும் போலிருக்கிறது, முடியாது. அதன் பின்னால் எத்தனை பெண்கள் நின்றிருக்கிறோம். நிழலான இடம்தான். நானும் அங்கேயே வாழ்ந்துவிட்டவள் என்பதால் இந்த முடிவை ஆசையாக எழுதினேன். எழுதி, அந்தச் சொல்லை நீலாவதியின் வாயில் வைத்தேன்.

6

“தொறக்க முடியுங்கம்மா,” என்றாள் அவள்.

[நான் எழுதியது இதுவல்ல. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் இதுவே வந்தது.]

“அப்பத் தொற.”

அமிர்தம் திரையருகே வந்தாள். வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நானும் குனிந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் நான் இதை எப்படி முடிப்பது? இவ்வளவு தூரம் வந்துவிட்ட உங்களுக்கும் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கும். எல்லோருக்கும் சேர்த்து நானே கேட்டேன். நீலாவதி, ஒரே ஒரு வரி போதும். படித்துச் சொல்லிவிடு.

அவள் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மாட்டேங்க,” என்றாள்.