ஏழே முக்காலுக்கு வந்த விருந்தாளிகள்

பிச்சாவரத்தில் படகு ஏறிய கால் மணி நேரத்திலேயே எழிலரசிக்குப் பச்சைத் தொப்பிக்காரர் மேல் எரிச்சல் வந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்திருந்த எட்டுப் பேரில் அவர்தான் தலைவர். யாரும் அவரை வைக்கவில்லை, அவராகவே ஆகிக்கொண்டார். தண்ணீரோரத்துக் கிளையில் ஒரு கொக்கு தன் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. அது பறந்தால்தான் படம் நன்றாக வருமாம். படகுக்காரர் "வேணாம் சார்" என்பதற்குள் தொப்பிக்காரர் ஓங்கி இரண்டு முறை கை தட்டினார். கொக்கு பறந்தது. கூடவே அந்தப் பக்கத்தில் இரை தேடிக்கொண்டிருந்த நாற்பது ஐம்பது பறவைகளும் பறந்தன. தொப்பிக்காரர் படத்தைப் பார்த்து "சூப்பர்" என்றார். மற்ற ஏழு பேரும் எட்டிப் பார்த்து ஆமாம் போட்டார்கள்.

எழிலரசி சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் டீச்சர். சனி, ஞாயிறில் வழிகாட்டி. அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவன் கீரப்பாளையத்துக் கதிர்வேல், அவளோடு கல்லூரியில் படித்தவன். இப்போது சென்னையில் இருந்துகொண்டு ஒரு வேனில் எட்டு எட்டுப் பேராகக் காடு, கடல் என்று கூட்டி வருகிறான். இந்தப் பயணத்துக்கு அவன் அடித்த நோட்டீஸில், 'ஆமைக்குஞ்சுகளை உங்கள் கையாலேயே கடலில் விடுங்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. குஞ்சைக் கையால் தொடவே கூடாது என்று எழிலரசி பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். "அதப் போட்டாதான் எழிலு ஆளுங்க வர்றாங்க" என்று பத்துத் தடவையும் அவன் ஒரே பதிலைத்தான் சொன்னான்.

அந்தக் குஞ்சுகள் இருந்தது கடலூர் தேவனாம்பட்டினத்துக் கரையில். ராத்திரியில் ஆமை கரையேறி இட்டுவிட்டுப் போகும் முட்டைகளை எடுத்து வந்து, மூங்கிலும் வலையும் கட்டிய ஒரு வேலிக்குள் மணலில் கூடு கூடாகப் புதைத்து, நாய்க்கும் நரிக்கும் போகாமல் காவல் காத்தார்கள். ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன அமைப்பு அது, எழிலரசியும் அதில் உண்டு. காவல்காரர் பொன்னுரங்கம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் நாலு நாளாக அவர் மனைவி இருசம்மாள்தான் வேலிக்குக் காவல். முப்பது வருஷமாகக் கூடை தூக்கித் தெருத் தெருவாக மீன் விற்றவள். மீனைத் தொட்டுப் பார்த்தே எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவாள். ஆமைக்குஞ்சு அவளுக்குப் புதுசு.

சனிக்கிழமை சாயங்காலம் இருசம்மாள் போன் செய்தாள். "டீச்சரம்மா, மூணாவது கூட்டு மேல மணலு லேசா உள்வாங்கிக்கிச்சி. எங்கூட்டுக்காரரு வெடியறதுக்குள்ள வந்துடும்னு சொல்றாரு."

சிதம்பரத்தில் அவர்கள் தங்கிய லாட்ஜ் வாசலிலேயே எழிலரசி எட்டுப் பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள். நாலரைக்கு வண்டி கிளம்ப வேண்டும். அஞ்சே முக்காலுக்குக் கரையில் இருக்க வேண்டும். வெளியே வந்த குஞ்சுக்கு உடம்பில் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் தெம்பு உண்டு, அதை வைத்துத்தான் அது அலையைத் தாண்டி நடுக்கடலுக்குப் போக வேண்டும், கரையில் காக்க வைத்தால் அந்தத் தெம்பு கரையிலேயே செலவாகிவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள். பச்சைத் தொப்பிக்காரர் எல்லோரையும்விட அதிகமாக ஆட்டினார்.

மறுநாள் அஞ்சே காலுக்கு வண்டி இன்னும் லாட்ஜ் வாசலில்தான் நின்றது. ஒருத்தருக்கு வெந்நீர் வரவில்லை. ஒரு அம்மாவுக்கு ஒற்றைச் செருப்பைக் காணவில்லை. பச்சைத் தொப்பிக்காரர் கோயிலின் கீழ கோபுரத்தை விடியல் வெளிச்சத்தில் படம் எடுக்கப் போனவர், போனை எடுக்கவில்லை. அந்த நேரத்தில்தான் இருசம்மாள் கூப்பிட்டாள்.

"வந்துடுச்சிங்க டீச்சரம்மா, எம்பத்தி மூணு. கடலு பக்கமே திரும்பிக்கினு துடிக்குதுங்க. வுட்டுடவா?"

எழிலரசி 'விடுங்க' என்று வாயெடுத்தாள். பக்கத்தில் நின்ற கதிர்வேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "எழிலு, எழிலு. ஒரு மணி நேரம்தான். இதுக்காகத்தான் இத்தினி பேரும் வந்திருக்காங்க. போய் வெறும் மணலக் காட்டுனா என்னை உரிச்சுடுவாங்க. உனக்குக் கோடி புண்ணியம்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே பாடமாக நடத்துகிறவள் அவள். ஆனால் கல்லூரி நாளிலிருந்து பழகிய முகம் எதிரில் கெஞ்சிக்கொண்டு நின்றது. ஒரு மணி நேரம்தானே என்று அவளும் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். சொல்லிப் பார்த்தால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும்.

"அக்கா, ஒரு மணி நேரம் வெச்சிருங்க. கிளம்பிட்டோம். வெயில் படாம, சூடு ஏறாம பாத்துக்குங்க."

அந்தப் பக்கம் இருசம்மாள் சிரித்தாள். "சூடு ஏறாம வெக்கறத எனக்கா சொல்லித் தர்றீங்க? எங்கிட்ட வுடுங்க. நீங்க மெதுவா வாங்க."

எப்படி வைப்பாய் என்று எழிலரசி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

வண்டி கிளம்பியபோது ஆறு அடிக்கப் பத்து நிமிஷம். புதுச்சத்திரம் தாண்டும்போது தொப்பிக்காரருக்குப் பசித்தது. பொங்கல், வடை. எழிலரசி வண்டிக் கதவிலேயே நின்றாள். இரண்டு முறை உள்ளே போய் மணியைச் சொன்னாள். மூன்றாவது முறை போனபோது அவர் இன்னொரு காபி சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமை எங்க மேடம் ஓடிடப் போகுது? அது மெதுவாத்தானே போகும்" என்றார். மேசையே சிரித்தது. கதிர்வேலும் சிரித்தான். எழிலரசிக்கு அந்தக் காபி டம்ளரைத் தட்டிவிடலாம் போலிருந்தது. தட்டிவிடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினாள். தட்டிவிட்டிருக்க வேண்டும் என்று பிறகு பல நாள் நினைத்துக்கொண்டாள்.

தேவனாம்பட்டினத்துக் கரையில் இறங்கியபோது மணி ஏழே முக்கால். பங்குனி வெயில் கடல்மேல் நன்றாக ஏறியிருந்தது. எட்டுப் பேரும் இறங்கியதும் ஒரு சின்னப் பாட்டிலைக் கைமாற்றிக் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டார்கள், குஞ்சுகளைத் தூக்க வேண்டுமே. இருசம்மாள் வேலிக்கு வெளியே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"ஒண்ணுகூட வாடல டீச்சரம்மா. வந்து பாருங்க."

ஓலை நிழலில் இருந்த வெள்ளைத் தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்தாள். மீன் வண்டியில் வருகிற பெட்டி. அடியில் உடைத்த ஐஸ், அதன்மேல் நனைத்த சாக்கு, சாக்கின்மேல் வரிசை வரிசையாக, அடுக்கடுக்காகக் குஞ்சுகள். வரிசையாகத்தான் இருந்தன. உயிருள்ள ஆமைக்குஞ்சு ஒரு நொடி வரிசையில் நிற்காது.

எழிலரசி குனிந்து ஒன்றைத் தூக்கினாள். கல்லாகச் சில்லிட்டிருந்தது. துடுப்புகள் தொங்கின.

"மொதல்ல என்னா துடிப்பு துடிச்சிதுங்க" என்றாள் இருசம்மாள். "ஐஸு வெச்சப்புறம்தான் அடங்கித் தூங்குதுங்க." எழிலரசி முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "நான் எதுனா தப்பா பண்ணிட்டனா?"

எழிலரசி சாக்கோடு எல்லாவற்றையும் தூக்கி நிழலில் இருந்த காய்ந்த மணலில் பரப்பினாள். வெயிலில் போடக் கூடாது, மெதுவாகத்தான் சூடேற வேண்டும். இருசம்மாளும் குனிந்து, ஒவ்வொன்றாக இடைவெளி விட்டு வைத்தாள். ஐந்து நிமிஷம் ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒன்று ஒரு துடுப்பை நகர்த்தியது. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று.

அப்போதுதான் பின்னால் அந்தக் குரல் கேட்டது. பச்சைத் தொப்பிக்காரர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். "நண்பர்களே, நான் இப்ப கடலூர்ல இருக்கேன். பாருங்க இந்தக் கொடுமைய. பாதுகாக்க வேண்டிய ஆமைக்குஞ்ச மீன் மாதிரி ஐஸ்ல போட்டு வெச்சிருக்காங்க. இதோ, இந்த அம்மாதான். முகத்த நல்லாப் பாத்துக்குங்க. எவ்வளவு பெரிய கேஸ் தெரியுமா இது? சம்பந்தப்பட்டவங்க பாக்கற வரைக்கும் இத ஷேர் பண்ணுங்க."

இருசம்மாள் நிமிர்ந்தாள். போனைப் பார்த்தாள். பிறகு எழிலரசியைப் பார்த்தாள். நீதானே வைக்கச் சொன்னாய் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் அவள் முந்தானையை இழுத்து முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டு மறுபடி குஞ்சுகள்மேல் குனிந்தாள்.

கதிர்வேல் எழிலரசி காதோரம் வந்தான். "நீ ஒண்ணும் பேசாத. நல்லவேளை, பேச்சு அந்தம்மா பக்கம் போயிடுச்சி. உம் பேரும் வராது, எம் பேரும் வராது. ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க."

"அவுங்கள மறந்துடுவாங்களா கதிரு? புருஷன் காய்ச்சல்ல கெடக்கறாரு. இந்தக் காவல் வேலை போயிடும். போலீஸ் வந்து வாசல்ல நிக்கும். அது யாருக்கு ரெண்டு நாளு?"

"கத்தாத எழிலு."

அவள் கத்தவே இல்லை, அப்போதுதான் ஆரம்பித்தாள். நேராகப் போய் அந்தப் போனுக்கு முன்னால் நின்றாள்.

"எடுங்க சார். நல்லா எடுங்க. எம் பேரு எழிலரசி, சிதம்பரத்துல டீச்சர். அஞ்சே காலுக்கு அந்தக்கா எனக்குப் போன் பண்ணாங்க, வுட்டுடவான்னு கேட்டாங்க. வேணாம், வெச்சிருங்கன்னு சொன்னது நான். சூடு ஏறாம வெச்சிருங்கன்னு சொன்னதும் நான். முப்பது வருஷமா கடல்ல வர்ற எதையும் கெடாம வெக்கறதுக்கு அவுங்களுக்குத் தெரிஞ்ச வழி ஐஸு. அதப் பத்திரமாப் பண்ணாங்க. அஞ்சே முக்காலுக்கு வரவேண்டியவங்க நாம. அப்ப நீங்க எங்க சார் இருந்தீங்க? கோபுரத்துக்கிட்ட. ஏழு மணிக்கு எங்க இருந்தீங்க? புதுச்சத்திரத்துல, ரெண்டாவது காபி. அந்தக் காபியையும் சேத்துச் சொல்லுங்க. ஆமை மெதுவாத்தானே போகும்னு சொன்னீங்களே, அதையும் உங்க நண்பர்களுக்குச் சொல்லுங்க."

தொப்பிக்காரர் போனை இறக்கிவிட்டார். "மேடம், இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து சாயங்காலம் உங்க மூஞ்சியப் பாத்துதான் சொன்னேன். தலையாட்டுனீங்க."

"நாங்க கஸ்டமர்ஸ்..."

"அழிங்க அத. இல்லன்னா நான் பேசுனதோட முழுசாப் போடுங்க. அந்தக்கா மூஞ்சிய மட்டும் வெட்டிப் போட்டீங்கன்னா, வண்டியில வந்த எட்டுப் பேரு பேரையும் நானே எழுதிப் போடுவேன்."

செருப்பைத் தொலைத்த அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அழிச்சிடுங்க சார்" என்றார் மெதுவாக. தொப்பிக்காரர் சுற்றிலும் பார்த்தார். நேற்றிலிருந்து அவர் சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்ட ஏழு பேரும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அழித்தார். எழிலரசி பக்கத்தில் நின்று அழிவதைப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து, அந்த அமைப்பின் வாட்ஸ்அப் குழுவுக்கு நடந்ததையெல்லாம் தன் பேரைச் சொல்லித் தன் குரலிலேயே அனுப்பினாள். இனி அந்த வேலி பக்கம் அவளை விடுவார்களா என்று தெரியவில்லை. விடாவிட்டால் அதுவும் நியாயம்தான்.

குஞ்சுகள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கியிருந்தன. கடல் வரைக்கும் மணல் சுட்டது. எழிலரசி எட்டுப் பேர் கையிலும் குடத்தையும் வாளியையும் கொடுத்தாள். தண்ணீர் மொண்டு ஊற்றி ஈர மணலில் ஒரு பாதை போட்டார்கள். காக்காய்களை விரட்டத் தொப்பிக்காரரை நிறுத்தினாள், கை தட்டத்தான் அவருக்கு நன்றாக வருமே. யாரும் குஞ்சைத் தொடவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை. சோர்ந்து சோர்ந்து, நின்று நின்று அவை போயின. கடைசிக் குஞ்சு அலைக்குள் இறங்கும்போது மணி ஒன்பதேகால்.

எழுபத்து மூன்று கடலுக்குப் போய்விட்டன. ஐஸை ஒட்டி அடியில் கிடந்த சில மட்டும் நிழல் மணலில் அப்படியே இருந்தன. அசையவில்லை. இருசம்மாள் அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணினாள்.

"பத்து" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "எங்கையாலயே பத்து உசுரு போயிடுச்சே டீச்சரம்மா."

வேனுக்குப் பக்கத்தில் கதிர்வேல் ஹாரன் அடிக்கச் சொன்னான். எட்டுப் பேரும் கால் மணலைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். எழிலரசி வண்டிக்குப் போகவில்லை. அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

"உங்க கையால இல்லக்கா. வந்தவங்க எட்டுப் பேரு, கதிர்வேலு ஒண்ணு, நான் ஒண்ணு. ஆளுக்கு ஒண்ணு சரியாப் போச்சு. இதுல உங்களுக்குப் பங்கே கெடயாது."