எறும்பு டப்பா

என் தங்கை மகள் வெண்மதி சத்தம் போடாமல் உட்காரத் தொடங்கியபோது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை.

அதற்கு முன்பு அவள் எப்படி இருந்தாள் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு. கேட்டில் தொங்கி ஆடிக்கொண்டே தோசை தின்பாள். பாதித் தோசையில் பக்கத்து வீட்டு நாய் ஞாபகம் வரும். நாயைப் பார்க்கப் போன இடத்தில் ஸ்கூட்டர் கண்ணாடியைத் திருப்பி முகம் பார்ப்பாள். கண்ணாடியில் காக்காய் தெரியும். காக்காய்க்குத் தோசை போட வேண்டும் என்று திரும்பி ஓடி வரும்போது தோசை கேட்டுக்கு அடியில் கிடக்கும். வகுப்பில் பெஞ்சு என்பது அவளுக்கு உட்காரும் சாமான் அல்ல, தாண்டும் சாமான்.

பள்ளித் தாளாளர் செந்தமிழ்செல்வனுக்கு இது பிடிக்கவில்லை. 'ஒழுக்கச் செம்மல்' என்று தனக்குத் தானே பட்டம் கொடுத்து ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டவர். வெள்ளை ஜிப்பா போட்டிருப்பார். இருமினாலும் அதில் எதுகை மோனை இருக்கும். "அடங்கினால் அரியணை, அடங்காவிட்டால் டி.சி." என்று என் தங்கை பவானியிடம் சொல்லியனுப்பினார்.

பவானிக்குத் தாலுகா ஆபீசில் வேலை. பிள்ளையை டாக்டரிடம் காட்டுவது என்று முடிவான நாளில் லீவு கிடைக்கவில்லை. அதனால் அவள் வீட்டுக்காரர் இளவரசுதான் பிள்ளையைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போனார். மேல வீதிப் பக்கம் ஒரு டாக்டரம்மா, குழந்தைகள் மனநலம் பார்க்கிறவர். இளவரசு இன்சூரன்ஸ் ஏஜென்ட். எதிரில் இருப்பவர் வாயைத் திறக்கும்போது தன் வாயைத் திறப்பதுதான் அவர் தொழில் ரகசியம். திரும்பி வந்து எங்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஏ.டி.ஹெச்.டியாம். கவனம் ஒரே எடத்துல நிக்காதாம். காலைல ஒரு மாத்திரை. டாக்டரம்மா நல்ல மாதிரி, மச்சான். பாலிசி எடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க."

மாத்திரை பெரிதாக இருந்தது. வெண்மதிக்கு மாத்திரை விழுங்க வராது. முதல் நாள் துப்பினாள். இரண்டாவது முறை அது ஃபேனுக்கு மேலே போய்விட்டது. பவானி யோசித்துவிட்டுப் பரணிலிருந்து உரைகல்லை இறக்கினாள். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு மருந்து என்றால் அது உரைத்துத்தான். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் அந்தக் கல்லில் இழைத்து, தேனில் குழைத்து, நாக்கில் தடவி வளர்ந்த கூட்டம் நாங்கள். மாத்திரையும் மருந்துதானே?

"சூப்பர் ஐடியா," என்றார் இளவரசு. "ஒடம்புல டக்குனு புடிக்கும்."

பிடித்தது.

சில நாளிலேயே வீட்டில் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அந்த ஃபேனுக்குச் சத்தம் உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். வெண்மதி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நாய் வந்து காலை நக்கினாலும் குனிய மாட்டாள். தோசை ஆறும், விறைக்கும், அப்படியே இருக்கும். தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "பொண்ணு எப்டி மாறிட்டா பாருங்க, பொம்மையாட்டம்!" என்றார்கள். பாராட்டுக்குத்தான் சொன்னார்கள்.

பிறகு ஒரு சாயங்காலம் நான் போனபோது, தன் இடது கையிலிருந்து எதையோ நகத்தால் எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய பெருங்காய டப்பா. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து, போட்டு, மூடினாள். ஒரு அவசரமும் இல்லை. இந்தப் பிள்ளையிடம் அவசரம் இல்லாத கையை நான் பார்த்ததே கிடையாது.

"இன்னாடி எடுக்கற?"

"எறும்பு, மாமா."

"எங்க? ஒண்ணுத்தையும் காணமே."

குருடனைப் பார்ப்பது போலப் பரிதாபமாகப் பார்த்தாள். "உங்க கைலயும் இருக்கு. அசையாதீங்க."

அசையவில்லை. ஏன் அசையவில்லை என்று இன்றுவரை தெரியாது. சில்லென்ற விரலால் என் மணிக்கட்டிலிருந்து ஒன்றைக் கிள்ளி எடுத்தாள். டப்பாவுக்குள் விட்டு மூடினாள். நான் டப்பாவை வாங்கிக் காதருகே ஆட்டினேன். ஒன்றுமில்லை, பெருங்காய வாசனைதான்.

"ஆட்டாதீங்க மாமா," என்றாள், குரலை உயர்த்தாமல். "கோவிச்சுக்கும்."

பவானி என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. எம் பொண்ணு எங்கயோ போயிட்டாண்ணா, ஒடம்பு மட்டும்தான் இங்க ஒக்காந்துருக்கு. டாக்டர் மறுபடி வரச் சொன்ன தேதியும் போயிடுச்சு. கூட்டிக்கிட்டுப் போவலாம்னா இவரு கேக்க மாட்டேங்கறாரு."

இளவரசுவுக்கு அவருடைய நியாயம் இருந்தது. ஆண்டு விழா வருகிறது. தாளாளர் புதிதாக 'அமைதிச் சுடர்' என்று ஒரு விருது ஏற்படுத்தியிருக்கிறார். முதல் சுடர் வெண்மதி. "மச்சான், நல்லா ஓடற பாலிசிய எவனாவது நடுவுல சரண்டர் பண்ணுவானா? விழா முடியட்டும். டாக்டரு எங்க ஓடப்போறாங்க?"

"மாப்ள, புள்ள இல்லாத எறும்பப் புடிக்குதுய்யா."

"முன்ன இல்லாத பேயெல்லாம் புடிச்சிக்கிட்டுத் திரிஞ்சா. எறும்பு பரவால்ல."

இரண்டு நாள் கழித்து, வெண்மதி விட்டுப்போன டிபன் பாக்ஸைக் கொடுக்கப் பள்ளிக்கூடம் போனேன். வழக்கமாக மூன்றாம் வகுப்பு இரைச்சல் கேட்டுக்கு வெளியிலேயே வரவேற்கும். அன்றைக்கு என் செருப்புச் சத்தம் மட்டும் தாழ்வாரத்தில் என் கூடவே வந்தது. லீவு போலிருக்கிறது என்று நினைத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.

வகுப்பு நிறையப் பிள்ளைகள். ஒருத்தரும் பேசவில்லை. எல்லோரும் இடது கையை நீட்டி, வலது கையால் கிள்ளி எடுத்து, அவரவர் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, போட்டு, மூடினார்கள். திறந்து, போட்டு, மூடினார்கள். தகரப் பெட்டிகள் ஒன்றாக மூடும் அந்தச் சின்னச் சத்தம் தவிர வேறு எதுவுமில்லை. முதல் பெஞ்சில் வெண்மதி. என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்ததாகத் தெரியவில்லை.

வகுப்பு டீச்சர் பெலிசியா மிஸ் வெளியே வந்தார். "வெரல் தியானம் சார். வெண்மதிகிட்டருந்து எல்லாருக்கும் தொத்திக்கிச்சு. க்ளாஸ் அமைதியாயிடுச்சு பாருங்க. கரஸ்பாண்டன்ட் எல்லா க்ளாஸ்லயும் கொண்டாரப் போறாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்லட்டா சார்? ரெண்டு நாளா எனக்கே கழுத்துல ஊருது."

அதற்குள் தாளாளர் வந்துவிட்டார். வெண்மதியின் டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார். காலி. ஒரு சாதாரண மனிதன் அந்த இடத்தில் பயந்திருப்பான், குறைந்தபட்சம் குழம்பியிருப்பான். செந்தமிழ்செல்வன் கண்களை மூடிக்கொண்டார்.

"ஒன்றுமில்லை! திரையை விலக்கினால் வெட்டவெளி! சிதம்பர ரகசியத்தையே இந்தச் சின்னஞ்சிறு கரங்கள் பெருங்காய டப்பாவில் அடக்கிவிட்டன! விழாவில் இதைப் பேசுகிறேன்."

"சார், கொழந்தைக்கு ஒடம்பு சரியில்ல," என்றேன்.

"உங்களுக்கு ஞானம் சரியில்லை," என்றார்.

ஆண்டு விழா நாளும் வந்தது, மத்தியான நேரம். மேடையில் செந்தமிழ்செல்வனுக்கு ஆளுயரப் படம், அதன் முழங்கால் பக்கம் வெண்மதிக்குச் சின்னப் படம். அவர் ஜிப்பாவுக்கு மேல் பொன்னாடை போர்த்திக்கொண்டு பேசினார். அமைதி என்றால் என்ன என்று வெகுநேரம் சத்தமாக விளக்கினார். பக்கத்தில் வெண்மதி கையில் டப்பாவோடு நின்றாள். கன்னம் ஒட்டியிருந்தது, கண் இமைக்கவில்லை. முன்வரிசையில் இளவரசு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குழந்தை எதையோ தேடுகிறது. எதைத் தேடுகிறது?" என்று கேட்டார் தாளாளர்.

வெண்மதி திரும்பி அவர் பொன்னாடையிலிருந்து ஒன்றை எடுத்தாள்.

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. அவள் இன்னொன்றை எடுத்தாள். பிறகு எட்டி, ஜிப்பா கையிலிருந்து. "பாத்து சார்," என்றாள் மைக்கில். "கழுத்துக்குப் போவுது. நெறைய."

கீழே தரையில் உட்கார்ந்திருந்த மூன்றாம் வகுப்பு சத்தமில்லாமல் எழுந்தது. கைகள் நீண்டன. டப்பாக்கள் திறந்து மூடின. தாளாளர் சொல்ல வந்த திருக்குறளில் முதல் சீரைச் சொல்லிவிட்டு நின்றார். காலரைத் தட்டினார். இரண்டாம் சீரைச் சொன்னார். கழுத்தைச் சொறிந்தார். அப்புறம் குறளும் போச்சு, பொன்னாடையும் போச்சு. "ஐயோ, ஏறுதுய்யா, முதுகுல ஏறுது!" என்று அவர் கத்தியதில் எதுகை இல்லை, மோனை இல்லை. பொன்னாடையை வீசியெறிந்துவிட்டு ஜிப்பாவையும் கழற்றத் தொடங்கினார்.

கூட்டத்தில் எவரும் சிரிக்கவில்லை. அவரவர் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பவானி மட்டும்தான் ஓடினாள். மேடையேறிப் பிள்ளையைத் தூக்கினாள். தூக்கியவள் அங்கேயே நின்று என்னைப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணா! நெஞ்சு எப்டி அடிக்குதுன்னு பாருண்ணா! வண்டியக் கூப்புடு!"

"பரிசு வாங்கிட்டு..." என்று ஆரம்பித்தார் இளவரசு. பவானி அவரைப் பார்த்த பார்வையில் செல்போன் தானாகக் கீழே இறங்கியது.

சிதம்பரம் போய்ச் சேரும்வரை காரில் பவானி பிள்ளையின் நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்சீட்டில் டப்பா மூடி திறக்கும், மூடும்.

டாக்டரம்மா நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், கண்ணில் லைட் அடித்தார். "மாத்திரைய எப்பிடிம்மா குடுக்கறீங்க?"

"ஒரைச்சுக் குடுக்கறேங்க. தேன்ல."

"ஒரைச்சா?"

பவானி மேஜைமேல் கையால் இழைத்துக் காட்டினாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அது பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா எறங்க வேண்டிய மாத்திரைம்மா. ஒரைச்சிட்டா மொத்தமும் ஒரே நேரத்துல எறங்கும். அதான் கல்லாட்டம் ஒக்காந்தது, அதான் தோல்ல எறும்பு ஊர்றது. மாத்திரை மேல தப்பில்ல. முழுசா முழுங்கணும்னு நான் சொல்லியிருந்தனே?" அவர் இளவரசு பக்கம் திரும்பினார். "ஒங்ககிட்டத்தான் சார் சொன்னேன். விசிட்டிங் கார்டு தேடிக்கிட்டு இருந்தீங்க."

இளவரசு வாயைத் திறந்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அதிலிருந்து எதுவும் வரவில்லை. பவானி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கல் இன்னும் அங்கே இருப்பது போல.

"நீங்க கலங்காதீங்கம்மா," என்றார் டாக்டரம்மா. "சொன்னது ஒங்க காதுக்கே வரலியே."

ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, மருந்தை நிறுத்தி, பிள்ளை தேறிய பிறகு சின்ன அளவில் மறுபடி தொடங்கினார்கள். நடுவில் வெண்மதி விழுங்கக் கற்றுக்கொண்டாள். முதலில் சீரக மிட்டாய், அப்புறம் அதைவிடப் பெரிய மிட்டாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு கைதட்டல். பாதி மிட்டாயைக் கடித்துத் தின்றுவிட்டு, "முழுங்கிட்டேன்" என்று புளுகினாள். அவள் புளுகியதைக் கேட்டுப் பவானி அழுதுவிட்டாள்.

வகுப்பில் ஒரு வேலைக்கு மேல் சேர்த்துச் சொல்லக் கூடாது, நடுநடுவே எழுந்து ஓட வேலை கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பினார். பெலிசியா மிஸ் சாக்பீஸ் எடுத்துவரும் பதவியை அவளுக்குக் கொடுத்தார். இப்போதும் பெஞ்சைத் தாண்டுகிறாள், ஆனால் தாண்டிய பிறகு திரும்பி வந்து கணக்கை முடிக்கிறாள். டி.சி. பேச்சு எழவில்லை. எழுப்பினால் கேட்டிலிருக்கும் 'அமைதிச் சுடர்' ஃபிளெக்ஸைக் கழற்ற வேண்டும், அதில் தாளாளர் படம்தான் பெரிது. அவர் பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரைப் பார்ப்பதாகக் கேள்வி. தோலில் ஒன்றும் இல்லையாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் பவானியும் வெண்மதியை அழைத்துக்கொண்டு கெடிலம் பாலத்தில் நடந்து போனோம். "மாமா இந்த ஆத்துல தண்ணி ஏன் ஒரு பக்கமா மட்டும் போவுது, கொக்குக்கு முட்டி எந்தப் பக்கம் மடங்கும், அம்மா எனக்குப் பசிக்கல ஆனா பஜ்ஜி வேணும்," என்று அவள் பேசிக்கொண்டே வந்தாள். பவானி ஒன்றுக்கும் பதில் சொல்லாமல், ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.

வெண்மதி திடீரென்று நின்று, பையிலிருந்து அந்தப் பெருங்காய டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து நடைபாதையில் கவிழ்த்துத் தட்டினாள். நன்றாக, அடிப்பக்கத்தையும் தட்டினாள்.

"அதான் காலி டப்பாவாச்சே," என்றேன்.

"இப்பதான் மாமா காலி," என்று சொல்லிவிட்டுக் கொக்கைப் பார்க்க ஓடினாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பவானியைப் பார்த்தேன். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். நானும் காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.