லவோன் வீட்டுப் பிள்ளை

அன்னையர் தினத்துக்குப் பக்கத்து வீட்டு ஆர்டிஸுக்குப் பூங்கொத்து வந்துவிட்டால், அடுத்த ஒரு வாரம் லவோனுக்குச் சாப்பாடு இறங்காது. பூ அனுப்புகிறவன் ஆர்டிஸ் பெற்ற பிள்ளையும் அல்ல. அப்போதெல்லாம் சின்ன லீக்கில் பேஸ்பால் ஆடுகிற பையன்களுக்குக் கிடைக்கிற சம்பளம் வாடகைக்கே காணாது. அதனால் அந்த அயோவா ஆற்றங்கரை ஊரில் பேஸ்பால் பைத்தியம் பிடித்த வீடுகள் ஆளுக்கொரு பையனைக் கோடை முழுக்க வைத்துச் சோறு போட்டன. அப்படி ஆர்டிஸ் வீட்டு மாடியறையில் தங்கியவன் கோல்பி ராத்பன். அதற்கு முந்தைய கோடையில் லவோன் வீட்டில் தங்கியவன் டார்லின் பனியாகுவா என்ற டொமினிகன் பையன். இரண்டு பேரும் பெரிய லீக்குக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருமே ஷார்ட்ஸ்டாப். இரண்டாம் மூலைக்கும் மூன்றாம் மூலைக்கும் நடுவே நின்று, வருகிற பந்தைப் பாய்ந்து மறிக்கிற வேலை. கோல்பி பூ அனுப்புகிறான். டார்லின் போனவன் போனவன்தான்.

இது லவோனுக்கும் அவள் கணவர் மெர்லுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். ஊருக்குச் சொன்னது வேறு. ஆர்டிஸ் ஒருமுறை பூவின் படத்தைக் காட்டியபோது லவோன் எரிச்சல் தாங்காமல், "எங்க டார்லின் பூவெல்லாம் அனுப்ப மாட்டான். கிறிஸ்துமஸ் தவறாம கூப்பிடுவான். போனை எடுத்தா வைக்கவே மாட்டான்" என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு விட்டாளா? வருஷா வருஷம் அதற்குக் கண், காது, மூக்கு வைத்தாள். அவன் தங்கைக்குக் கல்யாணம் என்றாள், அவனுக்கு முழங்கால் வலி என்றாள். மெர்ல் எதையும் மறுக்கவில்லை. மறுத்துப் பேசுகிற பழக்கம் கல்யாணமான புதிதிலேயே அவரிடமிருந்து போய்விட்டது.

இந்த வருஷம், பெரிய லீக்கின் பொறுக்கி எடுத்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடுகிற ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ஆள் எடுத்தபோது, ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு மிஞ்சிய கடைசி இரண்டு பெயரும் இவர்கள்தான். ஊர் மைதானத்தின் மூன்றாம் வரிசையில் ஜூன் மாதம் முழுக்க இதே பேச்சு. லவோனும் ஆர்டிஸும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பின்னால் ஓய்வு பெற்ற தபால்காரர் வெர்ன், வாயில் சூரியகாந்தி விதையோடு.

"லவோன், நியாயத்தப் பேசு. கோல்பி இருபது ஹோம்ரன் தாண்டிட்டான். உன் ஆளு அடிச்சத ரெண்டு கை விரல்ல எண்ணிரலாம்" என்றார் வெர்ன்.

"வேலிக்கு வெளிய அடிச்சாத்தான் ஆட்டக்காரனா? கழுதை உதைச்சாக்கூடத்தான் பந்து வெளிய போகும். எதிராளி அடிக்கிறதத் தடுக்கறது யாரு? என் பையன் பல்லி மாதிரி தாவறான்யா. உங்க கோல்பி கையில வெண்ணெய தடவிட்டு நிக்கறான்."

"பந்து தடுக்கறதப் பாக்கவா ஜனங்க ஆல்ஸ்டாருக்கு டிக்கெட் வாங்கறாங்க? அது திருவிழாம்மா. திருவிழாவுக்கு வாணவேடிக்கை வேணும்."

"வாணவேடிக்கை வேணும்னா ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்னிக்கு ஆத்தங்கரைக்குப் போ. இது ஆட்டம்."

ஆர்டிஸ் பாப்கார்ன் பையை இரண்டு பேருக்கும் நீட்டினாள். "எதுக்கு அடிச்சுக்கறீங்க? ரெண்டும் நம்ம ஊர்ச் சோறு தின்ன பிள்ளைங்கதானே. நான் ஒரு நாள் இவனுக்குப் போடறேன், ஒரு நாள் அவனுக்குப் போடறேன்."

இதுதான் லவோனைக் கொதிக்க வைத்தது. சண்டைக்கு வந்தால் திருப்பிச் சண்டை போடலாம். சண்டைக்கே வராதவளை என்ன செய்வது? தன் பிள்ளைக்குப் பாதி ஓட்டைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மகாராணி.

லவோன் பாதியெல்லாம் போடவில்லை. தன் பெயரில் போட்டாள், மெர்லுக்குத் தெரியாமல் மெர்ல் பெயரில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபிக்கு நின்றவர்களிடம் எலுமிச்சை இனிப்புத் துண்டு ஒன்றைக் கொடுத்துக் கைபேசியை வாங்கி, அவரவர் பெயரில் டார்லினுக்குப் போட்டுக் கொடுத்தாள். கோல்பியின் ஓட்டு எண்ணிக்கை ஏறுகிற நாளில் அவள் முகம் சுண்டிப்போகும்.

"லவோன், ஆலயத்துல கள்ள ஓட்டா?" என்றார் பாஸ்டர்.

"கள்ளம் என்ன பாஸ்டர்? அவங்க விரலாலதான் அமுக்கினேன்."

டார்லின் மயிரிழையில் ஜெயித்தான். அறிவிப்பு வந்த அன்று லவோன் வரிசை முழுக்கத் தொத்திறைச்சி ரொட்டி வாங்கிக் கொடுத்தாள். ஆட்டத்தன்று எல்லாரும் தன் வீட்டுக்கு வந்து டிவி பார்க்க வேண்டும் என்றும் அழைத்தாள். மறுநாளே ஆட்டக்காரர்கள் போட்ட ஓட்டில் கோல்பியும் மாற்று ஆளாகத் தேர்வானான். "பரவாயில்ல ஆர்டிஸ், பின்வாசல் வழியா போனாலும் உள்ளதான் போறான்" என்றாள் லவோன். அப்படி ஒரு இனிப்பு அவள் வாயில் அதுவரை ஊறியதில்லை.

அந்த இனிப்பு வியாழக்கிழமை வரைதான். ஆர்டிஸ் வேலியோரமாக ஓடி வந்தாள்.

"லவோன்! கோல்பி என்னையும் கூட்டிட்டுப் போறானாம்டி! அவன் அப்பா அம்மாவோட எனக்கும் சேர்த்து டிக்கெட், ரூம், எல்லாம். ஆட்டக்காரங்க குடும்பத்தோட சிவப்புக் கம்பளத்துல நடப்பாங்கள்ல, அதுல நானும் நடக்கணுமாம். எனக்கு ஒரு நல்ல செருப்புகூட இல்ல!"

லவோன் அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை இரண்டும் கட்டையாக இருந்தன. ஊரெல்லாம் அலைந்து ஓட்டு வாங்கியவள் இவள், விமானம் ஏறப்போகிறவள் அவள்.

"டார்லினையும் பாத்துருவேன்ல? நான் வர்றேன்னு அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வை. லவோன் பக்கத்து வீடுன்னு சொன்னா ஓடி வரமாட்டானா? கிறிஸ்துமஸ்ல அவ்ளோ நேரம் பேசற பிள்ளை" என்றாள் ஆர்டிஸ்.

லவோன் சட்டென்று கையை எடுத்தாள். "அவன் அன்னிக்கு ரொம்ப அலைச்சல்ல இருப்பான், தொந்தரவு பண்ணாத."

"ஒரு வார்த்த பேசினா குறைஞ்சா போயிருவான்? பாத்துட்டு வந்து சொல்றேன்."

லவோனிடம் டார்லினின் எண்ணே கிடையாது. பழைய எண்ணுக்கு அனுப்பிய வாழ்த்தெல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். சாயங்காலம் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மெர்லிடம் போய் நின்றாள்.

"உண்மையச் சொல்லிரு. ஆர்டிஸ்தானே" என்றார் மெர்ல்.

"ஆர்டிஸ்ங்கறதாலதான் சொல்ல முடியல."

செவ்வாய்க்கிழமை வீடு நிரம்பிவிட்டது. அழைத்த வாயால் வராதே என்று சொல்ல முடியாதே. வெர்ன் நல்ல சாய்வு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பாஸ்டர்கூட வந்திருந்தார். டிவியில் சிவப்புக் கம்பளம் ஓடியது. டார்லின் வெளிர்ப்பச்சை கோட்டில் வந்தான். அவன் முழங்கையைப் பிடித்தபடி ஒரு குள்ளமான அம்மா, அழுதும் சிரித்தும் நடந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். பெற்றவளைப் பார்த்துப் பொறாமைப்படுவது பாவம் என்று லவோனுக்குத் தெரியும். ஆனாலும் பட்டாள். சற்று நேரத்தில் கோல்பி வந்தான். அவன் குடும்பத்தின் ஓரத்தில் ஆர்டிஸ், புதுச் செருப்பு கடித்து நொண்டி நொண்டிக் கையசைத்துக்கொண்டு போனாள்.

"நம்ம ஆர்டிஸ்!" என்று கத்தினார் வெர்ன்.

ஆட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் லவோனின் கைபேசி அடித்தது. திரையில் ஆர்டிஸ் பெயர். லவோன் அதை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு நழுவப் பார்த்தாள். வெர்ன் விடவில்லை. கையிலிருந்து பிடுங்கி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார்.

"ஆர்டிஸ், நாங்க எல்லாரும் இருக்கோம். சொல்லு, லவோன் பையனப் பாத்தியா?"

அந்தப் பக்கம் ஒரே இரைச்சல். லவோன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். இப்போது வரும், இத்தனை பேர் முன்னால் மானம் போகும் என்று காத்திருந்தாள்.

"எல்லாரும் இருக்கீங்களா?" என்றது ஆர்டிஸின் குரல். "பாத்தேனே! குடும்பக்காரங்க அறையில பாத்துப் பேசினேன். லவோன், நீ எப்படி இருக்கேன்னுதான்டி முதல்ல கேட்டான். இந்தக் கிறிஸ்துமஸுக்கும் கட்டாயம் கூப்பிடறேன்னான். உன் மீட்லோஃப் இருக்கு பாரு, அந்த ருசி வேற எங்கயும் கிடைக்கலியாம்!"

அறை ஆர்ப்பரித்தது. "பெரிய ஆளாயிட்டாலும் மறக்கல பாத்தியா. சரி, ஹோம்ரன் கணக்க நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார் வெர்ன். பாஸ்டர் லவோனின் தோளைத் தட்டினார். லவோன் எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, கடுகுச் சாந்து எடுத்து வருகிறேன் என்று அடுக்களைக்குள் போனாள்.

அரைத்த இறைச்சியைப் பிசைந்து சுடுகிற அவளுடைய மீட்லோஃப் ஊரறிந்த பண்டம். தேவாலய விருந்தில் அதுதான் முதலில் தீரும். ஆனால் டார்லின் அதை ஒரே ஒரு நாள் முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாகத் தட்டைத் தள்ளி வைத்தான். தங்கிய காலம் முழுக்க முட்டையும் சாதமும்தான் தின்றான். இது அந்த வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ஆர்டிஸுக்கும் தெரியாது.

மெர்ல் அடுப்பருகே நின்றிருந்தார். அவருக்கும் எல்லாம் கேட்டிருந்தது.

"அவனுக்கு என்னை ஞாபகமே இல்ல. ஆர்டிஸ் கேட்டிருக்கா, அவன் முழிச்சிருக்கான்" என்றாள் லவோன் மெதுவாக.

"இருக்கும்."

"போனும் வரல ஒண்ணும் வரலன்னு அவளுக்கு இப்ப தெரிஞ்சுபோச்சு."

"ம்."

"அவ இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?"

மெர்ல் அலமாரியைத் திறந்தார்.

"நானே வெர்னுக்குப் போன் போட்டிருப்பேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடுன்னு நானே சொல்லியிருப்பேன்."

மெர்ல் அதையும் மறுக்கவில்லை. கடுகுச் சாந்துப் புட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"லவோன், வா வா! உன் பையன் மட்டை பிடிக்க வர்றான்!" என்று கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அவளுக்காக நடு இருக்கையைக் காலி செய்து வைத்திருந்தார்கள். டார்லின் முதல் பந்தையே விரட்டினான். எல்லாரும் எழுந்து நின்று கத்தினார்கள். லவோன் மட்டும் உட்கார்ந்தபடி, திரையில் தெரிந்த கூட்டத்துக்குள் ஆர்டிஸ் எங்கே இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள்மேல் இவ்வளவு பொறாமை வந்ததே இல்லை.