ஐஸில் வைத்த குழாய்

இந்தோனேசியாவின் பாண்டுங் நகர ஆய்வுக்கூடத்தில் காலையிலேயே நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்துவிட்டாள் வெனிங். டெங்குத் தடுப்பு மருந்தை நுண்துகள்களில் ஏற்றி, அவற்றுக்குப் பச்சை நிறமூட்டி, நோய் எதிர்ப்புச் செல்களோடு கலந்து, ஒரு குழாயை வெதுவெதுப்பிலும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றை ஐஸிலும் வைத்திருந்தாள். செல்கள் அந்தத் துகள்களை விழுங்கினால்தான் மருந்து வேலை செய்யும். இப்போது வெதுவெதுப்பான குழாயில் எல்லாச் செல்களும் பச்சையாக மின்னின.

"விழுங்கிடுச்சு அக்கா!" என்று கூவினாள்.

பக்கத்து மேசையிலிருந்த மூத்த ஆய்வாளர் லிலிஸ் நிமிரவே இல்லை. "ஐஸ்ல வச்ச குழாயப் பாத்தியா? அந்தக் குளிர்ல செல்லு எதையும் விழுங்காது. அதுவும் மின்னுச்சுன்னா, துகள் வெளியிலதான் ஒட்டிக்கிட்டிருக்கு."

பார்த்தாள். அதிலும் அதே பச்சை.

இரண்டு குழாய்களையும் படமெடுத்துக் காட்டியபோது, கூடத்தின் தலைவர் ஹார்டிமனுக்கு முதல் படமே போதுமானதாக இருந்தது. "மனுசங்ககிட்ட சோதனை நடத்த அனுமதி குடுக்கத் திங்கட்கிழமை அமைச்சகத்துக்காரங்க வர்றாங்க. அந்த ஐஸ் படம் வேண்டாம்மா. யாரும் கேக்கப்போறதில்ல."

அவளுடைய வேலை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. தலையாட்டிவிட்டு அறிக்கையிலிருந்து அந்தப் படத்தை நீக்கினாள்.

சனிக்கிழமை தன் மகளுக்கு வழக்கமான தடுப்பூசி போட முகாமுக்குப் போனாள். வரிசையில் முன்னால் நின்றவள் தெம்பே என்ற சோயாப் பலகாரத்தைப் பொரித்து விற்பவள், கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

"பயமா இல்லியா?" என்று பேச்சுக்குக் கேட்டாள் வெனிங்.

"நமக்கு என்னங்க தெரியும்? படிச்சவங்க பாத்துதான குடுப்பாங்க," என்று சிரித்தபடி குழந்தையின் தொடையை ஊசிக்கு நீட்டினாள் அவள்.

வெனிங்கால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலை ஹார்டிமனிடம் போய் நின்றாள். "ஐயா, ஐஸ் படத்தத் திரும்பச் சேத்துட்டேன்."

"திட்டமே நின்னு போகும். உன் வேலையும் போகும். தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா. ஆனா மருந்து உள்ள போகலன்னும் தெரியுதே." முகாமில் கேட்டதைச் சொன்னாள்.

ஹார்டிமன் கை நீட்டி அறிக்கையை வாங்கிக்கொண்டார். பிறகு கூட்டத்தில் அந்தப் படத்தைத் தானே எழுந்து காட்டினார். மனிதர்களிடம் நடத்தவிருந்த சோதனை ஓராண்டு தள்ளிப்போனது. துகளின் மேற்பூச்சை மாற்றிப் பார்க்க, வெனிங்குக்கு ஆறே மாதம் வேலை நீட்டிப்புக் கிடைத்தது.

கிளம்பும்போது ஓர் அமைச்சக அதிகாரி, "இத நீங்க காட்டாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே?" என்றார்.

"தெரிஞ்சிருக்காது," என்றார் ஹார்டிமன். "மறைக்கிறதாத்தான் இருந்தேன், இந்தப் பொண்ணு விடல. நமக்குப் பிடிக்காத முடிவ மறைச்சா, நம்மள நம்பிக் குழந்தையக் குடுக்குறவங்க எல்லாரையும் ஏமாத்துறோம்னு அர்த்தங்க."