இருபத்திமூன்றாம் அளவு

ஊசிமுனை மறுபடியும் தப்பான இடத்தில் இறங்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியைப் பின்னால் வாங்கினாள். நூலை உருவிப் போட்டுவிட்டு, உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுத்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். நல்லவேளை, வளையத்தைச் சுற்றிய துணியில்தான் குத்தியிருந்தது. இதழில் குத்தியிருந்தால் அந்த இதழைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மாட்டின் இதயத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைப் பதப்படுத்தி, அதிலிருந்து மூன்று இதழ்கள் வெட்டிக் கொடுப்பார்கள். தலைமுடியைவிடச் சன்னமான நூலால் அவற்றை வளையத்தில் சேர்த்துத் தைத்தால் அது மனித இதயத்துக்கு வால்வு. இதழ் காயக் கூடாது. தையலுக்கு நடுவே உப்புநீரைச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முகமூடி, தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாகப் பெண்கள் குனிந்திருக்கும் அந்தக் கூடத்தில், ஒரு வால்வைத் தைத்து முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும்.

அவளுக்கு நிதானம் என்று பேர் வைத்தது கூடத்துப் பெண்கள்தான். கட்டடமே ஆடினாலும் அவள் ஊசி ஆடாது என்பார்கள். அந்த நிதானத்துக்குத்தான் இப்போது காலையில் கை நடுங்கியது.

காரணம் அவளுக்குத் தெரியும். தண்ணீர்க் குடம். கூடத்துப் பெண்கள் யாரும் வேலைநாளில் குடம் தூக்க மாட்டார்கள், ஈரத்துணி பிழிய மாட்டார்கள். பாரம் தூக்கிய கை சீக்கிரம் அடங்காது. எந்தச் சுவரிலும் எழுதி ஒட்டாத சட்டம் அது. கூடத்துப் புருஷன்மார் அத்தனை பேரும் துணி பிழிவதில் கெட்டிக்காரர்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் கேலி பேசிச் சிரிப்பார்கள். அவள் வீட்டுக்காரர் கொத்தனார். கீழே குழாயடியில் இரண்டு குடம் பிடித்து, மூன்றாம் மாடிக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறி வருகிற ஆள். அந்த மனிதர் இப்போது வெறுங்கையோடு ஏறினாலே முதல் மாடியில் உட்கார்ந்துவிடுகிறார். குடம் இவள் கைக்கு வந்துவிட்டது.

"என்ன, பிரிச்சுட்டியா?" என்று மேற்பார்வை அக்கா பின்னால் வந்து நின்றாள். அவளும் பல வருஷம் ஊசி பிடித்து, பார்வை மங்கிய பிறகு மேற்பார்வைக்கு வந்தவள்.

"துணியிலதான் அக்கா. இதழ்ல படல."

"டீ குடிச்சிட்டு வந்து உட்காரு. அவசரப்படாத."

அக்கா நல்லவள்தான். ஆனால் இந்த வாரத்தில் இப்படிச் சொல்வது எத்தனையாவது முறை என்று அவளுக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் கொத்தனாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே பார்த்த டாக்டரம்மாவுக்கு வயது குறைவு, பொறுமை அதிகம். திரையில் கொத்தனாரின் இதயம் ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கக் கீழறையைத் தொட்டுக் காட்டினாள். "இது சுருங்கி ரத்தத்தை மேல பெரிய குழாய்க்குத் தள்ளுது. தள்ளி முடிச்சதும் இந்த வால்வு சாத்திக்கணும். உங்களுக்குச் சாத்தல. போன ரத்தத்துல பாதி திரும்பி உள்ளயே விழுது. விழுந்ததையும் சேர்த்து மறுபடியும் தள்ளணும். தள்ளித் தள்ளி அறை வீங்கிப் போச்சு."

"பூசின சுவரையே திரும்பத் திரும்பப் பூசற மாதிரி," என்றார் கொத்தனார்.

"அதேதான்."

"கூலி ஒரு தடவைக்குத்தான?"

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். கொத்தனாரும் சிரித்தார், பிறகு மூச்சு வாங்கியது. சின்ன வயசில் மூட்டு மூட்டாக வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டரம்மா கேட்டாள். வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்தாராம். ஆறிப்போச்சு என்று எல்லோரும் மறந்துவிட்டார்கள், இதயம் மறக்கவில்லை.

நிதானம் அதுவரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கூடத்தில் சோதனைத் தொட்டியில் வால்வைப் போட்டு நீர் பாய்ச்சிப் பார்க்கும்போது சிலது கசியும். எந்த மூலையில் கசிகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் தையலை இறுக்கினால் நின்றுவிடும். எத்தனையோ வால்வை அவள் அப்படிச் சரி செய்திருக்கிறாள். அந்தத் தைரியத்தில் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், அந்த ஓரத்துல ரெண்டு இதழ் சேர்ற இடத்துல இடைவெளி தெரியுது. அங்க ரெண்டு தையல் போட்டா நிக்காதா?"

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். எங்கே வேலை என்று கேட்டாள். சொன்னதும் கேலி செய்யவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "நீங்க தைக்கிறது புது இதழும்மா. இவரோடது தடிச்சு, சுருங்கி, ஓரமெல்லாம் மடங்கிப் போச்சு. இழுத்துத் தைக்க அங்க துணியே இல்ல."

துணியே இல்லை என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் வீட்டுக்குப் போய்க்கூட யோசித்துக்கொண்டிருந்திருப்பாள்.

மாற்று வால்வு வைக்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரியில் இலவசமாக வைப்பது உலோக வால்வு. ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் அதில் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வெட்டுக்காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்து. அவள் தைக்கிற இதழ் வால்வுக்கு அப்படி மாத்திரை தேவையில்லை. பத்துப் பதினைந்து வருஷத்தில் தேய்ந்துபோகும், ஆனால் அதுவரை மனிதர் தன் வேலையைப் பார்க்கலாம். அது இலவசத்தில் இல்லை, விலையும் அவர்கள் கைக்கு எட்டாதது.

"கீறல் படாத கொத்தனார் உண்டா டாக்டர்?" என்று கொத்தனார் தன் கைகளை விரித்துக் காட்டினார். விரல்கள் எல்லாம் வெட்டும் தழும்புமாக இருந்தன. "இரும்பு வெச்சா உயிர் இருக்கும், பிழைப்பு போயிடும். அப்படித்தான?"

டாக்டரம்மா மறுக்கவில்லை. அடுத்த மாதம் ஆபரேஷன், அதற்குள் முடிவு சொல்லுங்கள், ரொம்பத் தள்ளிப்போடக் கூடாது என்றாள். எழுந்திருக்கும்போது நிதானம் ஒன்று கேட்டாள்.

"என்ன அளவு வரும் டாக்டர்?"

சட்டைக்குக் கேட்பது போலக் கேட்டாள். டாக்டரம்மா திரையைப் பார்த்து, "இருபத்திமூணு வரலாம். திறந்து பார்த்தாத்தான் நிச்சயம்," என்றாள்.

அன்றிலிருந்து மேசைக்கு இருபத்திமூன்றாம் அளவு வளையம் வந்தால் அவளுக்கு நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். மற்ற அளவையும் குறை வைக்காமல்தான் தைத்தாள். ஆனால் இருபத்திமூன்றைக் கையில் எடுக்கும்போது கொத்தனார் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். இந்த இதழ் அவருக்கு, இந்த முடிச்சு அவருக்கு என்று தைப்பாள். முடிந்ததும் அது ஜாடியில் மூடி, பெட்டியில் அடுக்கி, யாருக்கோ போகும்.

அக்காவிடம் கேட்டுப் பார்த்தாள். கம்பெனி தனி ஆளுக்கு விற்காது, ஆஸ்பத்திரிதான் வாங்க வேண்டும், வேலையாளுக்குச் சலுகை என்று எதுவும் கிடையாது என்றாள் அக்கா. நிதானம் மேனேஜரைப் பார்க்க நான்கு தடவை போனாள். நான்கு தடவையும் அவர் எங்கோ புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"தனியா கேட்டா தட்டிக் கழிப்பாரு," என்றாள் அக்கா ஒருநாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "அடுத்த வாரம் விருந்தாளி நாள். வெளியூர்லேர்ந்து வர்ற அம்மா முன்னாடி கேட்டுடு. நாலு பேர் இருக்கற இடத்துல முடியாதுன்னு சொல்ல வாய் வராது. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத தாயே."

விருந்தாளி நாள் வருஷத்துக்கு ஒருமுறை. கம்பெனி வால்வைப் பொருத்திக்கொண்டு நன்றாக இருக்கிற ஒருவரை எங்கிருந்தாவது அழைத்து வருவார்கள். அவருக்குள் இருக்கும் வால்வைத் தைத்தது யார் என்று தேடிப் பிடித்து, இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவார்கள். பெண்கள் கைதட்டுவார்கள். சிலர் அழுவார்கள். அழுகை பொய்யில்லை. வருஷம் முழுக்க ஜாடிக்குள் போட்டு மூடுகிற பொருள் நடந்து வந்து எதிரே நின்றால் யாருக்கும் கண் கலங்கும். இந்த வருஷம் வரும் அம்மாள் கடல் தாண்டிய ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறவளாம். அவளுக்குள் இருப்பது நிதானத்தின் தையல்.

வீட்டில் சொன்னதும் கொத்தனார் தலையணையில் சாய்ந்தபடி சிரித்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று தலையணை வைத்துக்கொண்டுதான் இப்போது தூக்கம்.

"அந்த அம்மா என்ன பண்ணும் பாவம்? தன் நெஞ்சுல இருக்கறத கழட்டியா குடுக்கும்?"

"விளையாடாதீங்க. அவங்க ஒரு வார்த்தை சொன்னா கம்பெனி கேக்கும்."

"கேக்கலன்னா? உன் வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் நெஞ்சுல அந்த இரும்பு அடிக்கிற டிக் டிக் சத்தத்தக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதுல ஒரு லாபம், கடிகாரம் வாங்க வேண்டாம்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் கொஞ்ச நேரத்தில் சிரிப்பை விட்டுவிட்டார். "நெஞ்சு போனா போகுது," என்றார் மெதுவாக. "பூசற கரணையைக் கீழ வெச்சுட்டு நான் என்ன மனுஷன் சொல்லு." அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. அந்த நிமிஷத்தில் அவள் முடிவு செய்துவிட்டாள்.

விருந்தாளி நாளன்று அவள் தண்ணீர் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய தண்ணீரில் சமைத்துவிட்டு வந்தாள். கேட்க வேண்டியதை வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் லிஃப்ட் வேண்டாம் என்று படியேறி வந்தாள். மேனேஜரும் புகைப்படக்காரரும் பின்னாலேயே இரைக்க இரைக்க வந்தார்கள். அந்த அம்மாள் நல்ல உயரம், அகலமான தோள், கொத்தனார் வயதுதான் இருக்கும். சட்டையின் கழுத்து விளிம்பில் தழும்பின் நுனி தெரிந்தது. மேனேஜர் பேசினார். முதலில் அந்த அம்மாளின் மொழியில், பிறகு இவர்கள் மொழியில். மாடி ஏற முடியாமல் கிடந்தவர் இப்போது தினமும் நீந்துகிறார், இந்தக் கைகள்தான் காரணம் என்று நிதானத்தைக் காட்டினார். கைதட்டல் எழுந்தது. கையுறை போட்ட கைகள், சத்தம் மொத்தென்றுதான் வந்தது.

"அவங்ககிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று மேனேஜர் கேட்டார். இதுவும் வழக்கம்தான். வழக்கமாகப் பெண்கள் தலையாட்டிவிட்டு நிற்பார்கள்.

"சொல்லணும் சார்," என்றாள் நிதானம்.

அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தே பேசினாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இதே வால்வுதான் கெட்டுப்போச்சு. அவர் கொத்தனாரு. ஆஸ்பத்திரியில இரும்புதான் இருக்குன்றாங்க. அதை வெச்சா அவரால வேலைக்குப் போக முடியாது. அடுத்த மாசம் ஆபரேஷன். நான் தைக்கிறதுல ஒண்ணை அவருக்குக் குடுக்கணும். சும்மா வேணாம், என் சம்பளத்துல எத்தனை வருஷம் வேணும்னாலும் பிடிச்சுக்கட்டும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுப்பாங்க. சொல்லுங்கம்மா."

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேனேஜரின் சிரிப்பு அப்படியே இருந்தது. அவர் விருந்தாளியின் பக்கம் திரும்பி அவர்கள் மொழியில் சொன்னார். இவள் அவ்வளவு நேரம் பேசியது அங்கே ஒரே மூச்சில் முடிந்துவிட்டது.

நிதானம் அந்த அம்மாளின் முகத்தையே பார்த்தாள். இப்படி ஒரு சேதியைக் கேட்டால் புருவமாவது சுருங்கும், பாவம் என்று உதடாவது அசையும். அந்த முகம் மலர்ந்தது. கண் இரண்டும் நிறைந்து, அவள் இரண்டு எட்டில் வந்து நிதானத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன சார் சொன்னீங்க?" அந்தத் தோளுக்கு மேலாக நிதானம் கேட்டாள்.

"உங்களுக்கு ரொம்பப் பெருமையா இருக்குன்னு சொன்னேன்." மேனேஜர் உதடு அசையாமல் பேசினார். "மத்ததெல்லாம் அப்புறம் ஆபீஸ்ல வெச்சுப் பேசிக்கலாம். முகத்தைத் துடைங்க, போட்டோ எடுக்கறாங்க."

அம்மா, நான் சொன்னது அது இல்லை என்று அவள் சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். அந்த அம்மாள் புரிந்தது போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, தன் மொழியில் ஏதோ அன்பாகச் சொன்னாள். பிறகு நிதானத்தின் வலது கையைப் பிடித்து, கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றி, அந்த வெறுங்கையைத் தன் நெஞ்சில் தழும்பின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள்.

உள்ளங்கைக்குக் கீழே அடித்தது. ஒரு திணறல் இல்லை, ஒரு இரைச்சல் இல்லை. திறந்தது, சாத்தியது, திறந்தது, சாத்தியது. எங்கும் கசியவில்லை. நல்ல தையல் என்று அவள் கைக்குத் தெரிந்தது.

"அப்படியே இருங்க," என்றார் புகைப்படக்காரர்.

அவள் அப்படியே இருந்தாள்.