அரிசி ரொட்டி என்று சொன்னது

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு மாவு மாஸ்டர் என்று பெயர். கார் பழகுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பக்கத்து பிரேக்கின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு, கோதுமையைப் பற்றிப் பாடம் எடுப்பார். கடையில் விற்பது செத்த மாவு. வீட்டிலேயே அரைத்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் பிசைய வேண்டும் என்பார். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமலே லைசென்ஸ் வாங்கியவர்கள் உண்டு. பழைய ரகக் கோதுமைக்கும் இன்றைய கோதுமைக்கும் வித்தியாசம் தெரியாமல் அவரிடமிருந்து யாரும் போனதில்லை.

அவர் வீட்டுச் சமையல் மேடையில் கல் வைத்த சின்ன அரவை மிஷின் இருந்தது. பழைய ரகக் கோதுமையை அதில் போட்டால் மாவு இளமஞ்சளாக, வெதுவெதுப்பாக விழும். பிசையும்போது விரலை விடாது. தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அவசரப்பட்டால் ரொட்டி எழும்பாமல் சப்பென்று உட்கார்ந்துவிடும். பல ஞாயிற்றுக்கிழமைகளைப் பாழாக்கிய பிறகுதான் அவருக்குக் கைவந்தது. சாப்பிட்டவர்கள் பாராட்டினார்கள். பாராட்டாதவர்களுக்கு இன்னொரு துண்டு வைப்பார்.

ருசி பார்க்காத ஒரே ஆள் மச்சினி, மனைவியின் தங்கை. கோதுமை அவளுக்கு ஆகாது. குடலில் துளி சதை எடுத்துச் சோதித்து, டாக்டர் உறுதியாகச் சொன்ன நோய். எங்கே விருந்துக்குப் போனாலும் தன் சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போவாள். பழைய ரகம் யாரையும் ஒன்றும் செய்யாது என்று இணையத்தில் யாரோ எழுதியதை அவர் படித்திருந்தார். அவளிடம் சொல்லியும் பார்த்தார்.

"பழசோ புதுசோ, எல்லாமே கோதுமைதானாம் மாமா. டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார்" என்று அவள் சிரித்துக்கொண்டே நழுவிவிட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அவளுடைய பிறந்தநாளுக்கு மனைவி தங்கையையும் அவள் கணவரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். "அவளுக்குன்னு அரிசி மாவுல ரொட்டி போட்டுத் தரேன்" என்று அவரே வாக்குக் கொடுத்தார். நிஜமாகவே அந்த எண்ணம்தான். மிஷினைப் பிரித்துத் துடைத்து, அரிசியும் மக்காச்சோளமும் அரைத்துச் சுட்டார். ஓவனிலிருந்து வெளியே வந்தது செங்கல். மேலே வெடிப்பு, நடுவில் வேகாத களி.

மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். மேடையில், காலையில் சுட்ட கோதுமை ரொட்டி உப்பிய முதுகோடு ஆறிக்கொண்டிருந்தது. அதுவும் மஞ்சள்தான். அவர் செங்கல்லைக் குப்பையில் போட்டு, காய்கறித் தோலால் மூடினார். சாப்பிட்டு முடித்ததும் உண்மையைச் சொல்லலாம், இத்தனை நாள் பயந்தது வீண் என்று அவளே ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தார். செங்கல்லை நீட்டும் வெட்கத்திலிருந்தும் தப்பிக்கலாம் என்பதை அவர் நினைக்கவில்லை, அல்லது நினைத்ததாகத் தனக்கே காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பிட உட்கார்ந்ததும் மச்சினி ரொட்டித் துண்டைக் கையில் எடுத்து முகர்ந்தாள். "கோதுமை துளிகூட இல்லையே மாமா?"

"அரிசி, மக்காச்சோளம். அதான் மஞ்சளா இருக்கு."

"மிஷின்ல பழைய மாவு ஏதாவது ஒட்டியிருந்திருக்குமோ?"

"கழுவித் துடைச்சுட்டேன்மா. உனக்குப் போய் நான் பொய் சொல்லுவேனா?"

அவள் சாப்பிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். "இவ்வளவு மெத்துன்னு ரொட்டி சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு அக்கா" என்று சொல்லும்போது அவள் குரல் கம்மியது. அந்த நேரத்தில் அவரால் சொல்ல முடியவில்லை. அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டார். மிச்சம் பாதி ரொட்டியை அவள் ஆசையாகப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிப் போனாள்.

பொழுது சாய்வதற்குள் சகலையிடமிருந்து போன் வந்தது. விடாமல் வாந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம்.

அவர்கள் போனபோது மச்சினிக்கு டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்திருந்தது. மனைவி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என் கைதான்டி. எந்தக் கரண்டியால சூப்பைக் கிளறினேனோ. நீ வரேன்னு தெரிஞ்சும் கவனமில்லாம இருந்துட்டேனே."

"விடுக்கா. தெரிஞ்சா செஞ்ச?" மச்சினி அக்காவின் மணிக்கட்டைத் தடவினாள். "ரொட்டியா இருக்காது. மாமா பார்த்துப் பார்த்துச் செஞ்சது. டாக்டர்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

அவர் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. மனைவி மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவதைக் கேட்டுக்கொண்டு, கீழே வண்டிகள் நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சகலை சொன்னார்: "நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம். நல்லவேளை, அந்த ரொட்டி பாதி இருக்கு. வேற எதையும் நம்பி இவளுக்குக் குடுக்கப் பயமா இருக்கு அண்ணே."

"அது வேணாம்" என்றார் அவர் அவசரமாக. "காஞ்சு போயிருக்கும். நான் வேற செஞ்சு தரேன்."

"இன்னிக்குச் செஞ்சதுதானே. பஞ்சு மாதிரி இருக்கு."

அதற்கு மேல் ஒளிய இடமில்லை.

"அதுல கோதுமை இருக்கு" என்றார். சொன்ன பிறகுதான் அதுவும் முழு உண்மையில்லை என்று தோன்றியது. "அது கோதுமைதான். முழுக்கக் கோதுமை. அரிசி ரொட்டி சரியா வரல. பழைய ரகம் ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

மனைவியின் அழுகை சட்டென்று நின்றது. அழுகையைவிட அதுதான் அவரைக் குறுக வைத்தது. சகலை அறையை விட்டு வெளியே போனார். மச்சினி கத்தவில்லை. கூரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ரெண்டு தரம் கேட்டேனே மாமா."

மன்னித்துவிடு என்று சொன்னார். தன் காதுக்கே அது இரவல் சட்டை மாதிரி பொருந்தாமல் தொங்கியது.

காரில் மனைவி பின் சீட்டில் உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் மிஷினைத் தூக்கிப் பரணில் போடப் போனார்.

"மிஷின் என்னங்க பண்ணுச்சு?" என்றாள் அவள். "என்னை அழ விட்டுட்டு அங்க நின்னீங்களே, அதை எந்தப் பரண்ல போடுவீங்க?"

அவர் மிஷினை மேடையிலேயே வைத்தார்.

பயிற்சிப் பள்ளியில் இப்போது அவர் கிளட்சைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார். ரொட்டி சுடுவதை விடவில்லை. அரைப்பார், சுடுவார், யாருக்கும் நீட்டுவதில்லை. யாராவது கேட்டால், எது எது போட்டிருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்.

உடம்பு தேறிய மச்சினி ஒரு நாள் அக்காவைப் பார்க்க வந்தாள். "நல்லா இருக்கீங்களா மாமா?" என்று வழக்கம்போல் கேட்டாள். தன் டப்பாவைத் திறந்து, தான் கொண்டுவந்த ஸ்பூனால் சாப்பிட்டாள். அக்காவும் தங்கையும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அவளுக்கு விக்கல் எடுத்தபோது அவர் ஓடிப்போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு கணம் டம்ளரையே பார்த்தாள். பிறகு எழுந்து பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய், தண்ணீரைக் கொட்டி, விளிம்பை விரலால் தேய்த்துக் கழுவி, குழாயில் மறுபடி பிடித்துக் குடித்தாள். அவரைப் புண்படுத்துவதற்காகச் செய்ததல்ல; கை தானாகச் செய்தது. அது அவருக்கும் தெரிந்தது. அவள் பின்னாலேயே குழாய்வரை வந்துவிட்டவர், அவளுக்கு இடம் விட்டு இன்னும் கொஞ்சம் ஒதுங்கினார்.