வீரய்யாவுக்கு அனுப்பிய நூல்

எனக்குக் கோபம் வந்தால் பசார் வீதி முழுக்கக் கேட்கும். நானே ஒப்புக்கொள்கிறேன். பதுளையில் ஹாட்வெயார் கடை வைத்துக்கொண்டு சாந்தமாக இருப்பவன் யாராவது இருந்தால் காட்டுங்கள், கும்பிடுகிறேன். அந்தக் கோபம்தான் இத்தனைக்கும் காரணம்.

எல்ல என்ற ஊரில் ஒரு ஹோட்டலில் பூல் மேசை இருக்கிறது. புதன்கிழமைதோறும் போய் விளையாடுவேன். பந்தைக் குத்தும் கோலைக் கியூ என்பார்கள். அங்கே இருப்பதெல்லாம் கோணல். எனக்கென்று ஒன்று செய்துகொள்ள ஆசை வந்தது. ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வீரய்யா பாஸ் என்ற தச்சர் கியூ கடைந்து கொடுக்கிறார், வேலை அவ்வளவு சுத்தம் என்றார்கள். தோட்டத்தில் சாவு விழுந்தால் பெட்டி செய்வதும் அவர்தானாம்.

போன் போட்டேன்.

“நேர்ல வாங்க மொதலாளி. கோலு தாவாக்கட்ட வரைக்கும் வரணும். ஆள நிக்க வச்சுத்தான் அளப்பேன்.”

“ஒரு கோலுக்கு நான் கடையப் பூட்டிட்டு வரணுமாக்கும்?”

“நேர்ல வாங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்ன திமிர்!

கடையில் என்னோடு இருப்பவன் ரஜீவ், என் மனைவி தயானியின் ஒரே தம்பி. சின்ன வயதில் விழுந்ததில் அவனுக்கு இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அவனைக் கூப்பிட்டு, என் உச்சந்தலையிலிருந்து கால் வரை நூல் பிடித்து, தாவாக்கட்டைக்கு ஒரு முடிச்சுப் போட்டு, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்தனுப்பச் சொன்னேன். நான் நின்று காட்டுவதற்குள் கூரைத் தகடு வாங்கினவன் ஒருத்தன் சண்டைக்கு வந்துவிட்டான்.

“நீயும் நானும் ஒரே ஒசரந்தானடா! ஒன்ன வச்சே அளந்து அனுப்பு!” என்று கத்தினேன்.

அவன் அப்படியே செய்தான். என்னைவிட இரண்டு விரல்கடை உயரம் அவன். எதிர்த்துப் பேசித் திட்டு வாங்குவானேன் என்று நினைத்திருப்பான்.

எட்டு நாளாகியும் சத்தமில்லை. மறுபடி போன் போட்டு, நூல் அனுப்பினேனே, கியூ எங்கே என்று கேட்டேன்.

“பதுளை பஸ்ஸுல வந்த நூலு... நீங்க அனுப்புனதா? இப்பவே வாங்க மொதலாளி.”

ரஜீவ் எல்லவுக்குச் சிமெந்து ஏற்றிக்கொண்டு லொறியில் புறப்பட்டுக்கொண்டிருந்தான். “வண்டி ஓட்டையில போனத் தொட்ட, கைய ஒடிச்சுப்புடுவேன்,” என்று வழக்கம்போல் கத்திவிட்டு நான் பஸ் ஏறினேன்.

பட்டறை தேயிலைக்கு நடுவே இருந்தது. காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. உள்ளே இரண்டு முக்காலிகளின் மேல் ஒரு சவப்பெட்டி. கியூவைக் காணோம்.

“தோட்டத்து லயத்து வீட்டுல யாராச்சும் தவறிட்டா, தலையிலருந்து காலு வரைக்கும் நூலு புடிச்சு எவன் கையிலயாவது குடுத்தனுப்புவாங்க,” என்றார் வீரய்யா. “நான் பேரு கேக்க மாட்டேன். கேட்டா அந்த வீட்டுக்கு ஆகாது. நூலு வந்த அன்னைக்கே பெட்டி. சாயங்காலம் வந்து தூக்கிட்டுப் போவாங்க. இதத் தூக்க யாரும் வரலீங்க.”

நான் சிரித்தேன். “அதுக்கென்ன? ஒடச்சு அடுப்புல போடுங்க.”

அவர் சிரிக்கவில்லை. மூடியைத் தூக்கினார்.

உள்ளே மரத்தூள் பரப்பியிருந்தது. அதில் ஓர் ஆள் மல்லாந்து படுத்து எழுந்துபோன தடம். தலை, தோள், இடுப்பு, குதிகால், எல்லாம் பதிந்திருந்தன.

“மறுநாளு தலப் பக்கம் மட்டும் அமுங்கியிருந்துச்சு. நெரவிவிட்டேன். அதுக்கடுத்த நாளு தோளும் சேந்து. தெனமும் நெரவுறேன், தெனமும் கூடுது. இன்னைக்குத்தான் காலு வந்திருக்கு.”

காலைப் பார்த்தேன். வலது பாதம் நேராக இருந்தது. இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

அப்பாடா, நான் இல்லை. அதுதான் முதலில் தோன்றியது. இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த நொடி, அது யார் கால் என்பது உறைத்தது.

ரஜீவுக்குப் போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி, மறுபடி, ஆறு முறை அடித்தேன். எடுக்கவில்லை. நான் சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை. “எடுடா! இன்னைக்கு ஒரு நாளாவது எம்பேச்சக் கேக்காம இருடா!” என்று பட்டறை அதிரக் கத்தினேன். நூலில் இருப்பது அவன் அளவு என்பதையும் வீரய்யாவிடம் சொன்னேன்.

“அளவு குடுத்தவரு வந்து, அவரு கையாலயே இந்த நூல அறுக்கணும்,” என்றார் வீரய்யா.

“அவன் ரோட்டுல இருக்கான்யா! வேற வழி?”

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

“அனுப்புனவரு இதுல படுக்கணும். படுத்தா அளவு அவருக்கு மாறும்னு எங்கப்பா சொல்லுவாரு. அப்புடி யாரும் படுத்து நான் பாத்ததில்ல.”

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் தூள் சரிந்தது. யாரும் தொடவில்லை. தலை இருந்த பள்ளம் மெல்ல ஆழமானது, தூக்கத்தில் தலை சாய்வதைப்போல. இந்தக் கண்ணால் பார்த்தேன்.

தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் தயானி. அன்று காலையிலும் சோற்றுப் பொட்டலம் கட்டி அவன் கையில் கொடுத்தாள். அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

செருப்பைக் கழற்றினேன்.

“மொதலாளி, வேணாங்க.”

“சும்மா இருங்க பாஸ், எனக்குக் கோவம் வந்துரும்!”

படுத்தேன். தூள் வெதுவெதுப்பாக இருந்தது. வீரய்யா நூலை என் குதிகாலிலிருந்து தலைவரை பிடித்துப் பார்த்தார். இரண்டு விரல்கடை மிஞ்சியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, “அவன விட்டுரு, அனுப்புனது நான்தான்,” என்றேன். யாரிடம் சொன்னேனென்று தெரியாது.

எவ்வளவு நேரம் போனதோ, நெஞ்சின் மேல் வைத்திருந்த போன் அடித்தது.

“அத்தான், தெமோதர வளைவுல பிரேக் புடிக்கல. லொறி பாய்ஞ்சு மரத்துல மோதிருச்சு. என் பக்கத்துக் கதவு அப்பளமா நொறுங்கிப் போச்சு. ஆனா எனக்கு ஒரு கீறல்கூட இல்ல அத்தான்! யாரோ புடிச்சு அந்தப் பக்கம் தள்ளுன மாதிரி இருந்துச்சு. சிமெந்துதான் அம்புட்டும் போச்சு.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “சிமெந்து கெடக்குதுடா. நீ இருக்கியே சாமி, அது போதும்.”

வீரய்யா மறுபடி குனிந்து நூலைப் பிடித்தார். நூலின் நுனி என் உச்சந்தலையில் வந்து சரியாக நின்றது. ஒரு மயிரிழைகூட மிஞ்சவில்லை.

போனில் ரஜீவின் குரல் பயந்துபோய்க் கேட்டது.

“அத்தான், நீங்கதான பேசுறது? ஏன் என்னயத் திட்டவே மாட்டேங்கிறீங்க?”